ரிமோட் டெஸ்க்டாப் லைசன்ஸ்: ஆளுக்கா, கணினிக்கா?

ஜொகூரில் நடுத்தர நிறுவனம் ஒன்றின் வேலை முழுவதும் ஒரே கூரையின் கீழ் நடப்பது அரிது. தொழிற்சாலை பாசிர் கூடாங்கில் இருக்கும், கிடங்கு செனாயில் இருக்கும், கணக்குப் பிரிவு ஜொகூர் பாரு நகரில் இருக்கும். முதலாளி வாரத்தில் பாதி நாள் சிங்கப்பூரில். கணக்கு மென்பொருள் மட்டும், அது எஸ்.கியூ.எல். அக்கவுண்டிங்கோ ஆட்டோகவுன்ட்டோ யூ.பி.எஸ்.ஸோ, ஒரே சர்வரில் இருக்கிறது. எல்லோரும் அதற்குள் வந்தாக வேண்டும். விண்டோஸ் சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப் அதற்குப் பழகிய வழி. எந்த லைசன்ஸ், எத்தனை, சர்வரை எங்கே வைப்பது என்ற கேள்விகள் அதற்குப் பிறகு வரிசையாக வரும்.

விற்பவரிடம் விலை கேட்பதற்கு முன் மனிதவளப் பிரிவிடம் போய் ஷிப்டு அட்டவணையை வாங்குங்கள். எத்தனை பேர், எத்தனை கணினிகள், யார் எதைப் பகிர்கிறார்கள் என்பது அதில்தான் தெரியும். இந்தக் கணக்கைப் போடாமல் வாங்கிய லைசன்ஸ், தேவைக்கு மேல் இரண்டு மூன்று மடங்காகவும் போகலாம், பாதியாகவும் நின்றுவிடலாம்.

முதலில் இலவசம் என்று நம்பப்படும் வழியைப் பேசிவிடுவோம். விண்டோஸ் சர்வரை நிறுவியதும் தனி லைசன்ஸ் எதுவும் இல்லாமல் ஒரே நேரத்தில் இரண்டு பேர் தொலைவிலிருந்து உள்ளே வரலாம். சர்வரைப் பராமரிப்பவருக்காக மட்டுமே மைக்ரோசாஃப்ட் அதை அனுமதித்திருக்கிறது. கணக்கர் அதில் உட்கார்ந்து விலைப்பட்டியல் போடுவதற்கு அனுமதி இல்லை. மூன்றாவது ஆள் நுழைந்தால் ஏற்கெனவே இருப்பவரில் ஒருவர் வெளியேற வேண்டியிருக்கும் நிலையைப் பல அலுவலகங்கள் பல ஆண்டுகளாகச் சகித்துக்கொண்டிருக்கின்றன. சகித்துக்கொள்வதால் அது முறையான பயன்பாடு ஆகிவிடாது.

சாதாரண விண்டோஸ் புரோ கணினியின் சிஸ்டம் கோப்பை மாற்றிப் பலரை ஒரே நேரத்தில் உள்ளே விடும் கருவிகளும் உலவுகின்றன. இவற்றை நான் தேர்வுகளில் ஒன்றாகவே எண்ணமாட்டேன். விண்டோஸ் புதுப்பிப்பு ஒவ்வொன்றும் அவற்றை முறிக்கலாம், அதனால் புதுப்பிப்பையே நிறுத்தி வைக்கும் பழக்கம் வருகிறது, அந்த இடைவெளியில் ஊடுருவல் நடக்கிறது. சட்டமும் இருக்கிறது. வணிகத்துக்காக வைத்திருக்கும் மீறல் பிரதி ஒவ்வொன்றுக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். அமலாக்கம் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கையில்.

முறையான வழியில் இரண்டு அடுக்கு லைசன்ஸ் உண்டு என்பதைப் பலர் தவறவிடுகிறார்கள். சர்வரைத் தொடும் எவருக்கும் விண்டோஸ் சர்வரின் சாதாரண கிளையண்ட் ஆக்சஸ் லைசன்ஸ் வேண்டும். பேச்சுவழக்கில் இதைக் 'கேல்' என்பார்கள். அதன்மேல் ரிமோட் டெஸ்க்டாப்புக்கென்று தனியாக ஆர்.டி.எஸ். கேல். இரண்டாவதை வாங்கிவிட்டதால் முதலாவது தேவையில்லை என்று ஆகாது. மைக்ரோசாஃப்டின் கருவியை விட்டுவிட்டு வேறு நிறுவனத்தின் மலிவான தொலைத்திரை மென்பொருளை விண்டோஸ் சர்வரின்மேல் போட்டாலும் ஆர்.டி.எஸ். கேல் கடமை நீங்குவதில்லை. திரையை எந்தத் தொழில்நுட்பத்தால் அனுப்பினாலும் விதி ஒன்றுதான். அப்படிப்பட்ட மென்பொருளை விற்பவர்கள் இதை எப்போதும் உரக்கச் சொல்வதில்லை.

ஆர்.டி.எஸ். கேல் இரண்டு வகை: ஆளுக்கு ஒன்று, அல்லது கருவிக்கு ஒன்று. இதில்தான் ஷிப்டு அட்டவணை பேசுகிறது.

பாசிர் கூடாங்கில் மூன்று ஷிப்டு ஓடும் தொழிற்சாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உற்பத்திக் கூடத்தில் 20 கணினிகள், அவற்றை மாறி மாறிப் பயன்படுத்தும் 60 தொழிலாளர்கள். ஆளுக்கு வாங்கினால் 60, கருவிக்கு வாங்கினால் 20. ஆட்கள் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புகிறார்கள், புதியவர்கள் வருகிறார்கள், கணினி அதே இடத்தில் இருக்கிறது. இங்கே கருவிக் கேல்தான் சரி, தயங்கவே வேண்டியதில்லை.

அதே நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு வாருங்கள். 12 பேர். ஆளுக்கு ஒரு அலுவலகக் கணினி, வீட்டில் ஒரு மடிக்கணினி, மேலாளர்களுக்குக் கைப்பேசியும் உண்டு. கருவிக்கு வாங்கினால் எண்ணிக்கை 25, 30 என்று ஏறும். ஆளுக்கு வாங்கினால் 12. உட்லண்ட்ஸ் பாலத்தில் நெரிசல் பார்த்து வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள்களைக் கூட்டிக்கொள்பவர்கள் அதிகமாக உள்ள அலுவலகத்துக்கு ஆள் கேல்தான் பொருத்தம்.

எண்ணிக்கையோடு முடிந்துவிடாது, இரண்டும் நடந்துகொள்ளும் விதமே வேறு. கருவிக் கேலைச் சர்வர் கறாராகக் காவல் காக்கும். புதிய கணினி முதன்முறை வரும்போது 90 நாள் தற்காலிக லைசன்ஸ் கொடுக்கும். அடுத்த முறை அது உள்நுழையும்போது கையிருப்பிலிருந்து முழு லைசன்ஸை எடுத்துத் தரும். அந்த முழு லைசன்ஸும் 52 முதல் 89 நாள்களுக்குள் ஏதோ ஒரு நாளில் காலாவதியாகித் தானே புதுப்பித்துக்கொள்ளும். கையிருப்பு தீர்ந்தால், தற்காலிக லைசன்ஸ் முடிந்ததும் புதிய கணினிக்குக் கதவு திறக்காது. ஊழியர் ஒருவர் ஒரு வாரம் வீட்டு மடிக்கணினியிலிருந்து வந்துபோனால், அந்த மடிக்கணினி ஒரு லைசன்ஸைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் விடாது. நிர்வாகி அதைத் திரும்பப் பெறலாம், ஆனால் ஒரு பதிப்பின் மொத்தக் கருவிக் கேல்களில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஒரே சமயத்தில் பெற முடியாது. ஆகவே கருவி வகையை எடுத்தால், வெளிக் கணினிகள் அந்தச் சர்வருக்குள் வராமல் தடுப்பதும் உங்கள் வேலை.

ஆள் கேலை யாரும் காவல் காப்பதில்லை. 12 வாங்கிவிட்டு 19 பேர் நுழைந்தாலும் சர்வர் விட்டுவிடும், அறிக்கையில் மட்டும் மீறல் தெரியும். அந்த அறிக்கையும் சரியாக வர வேண்டுமென்றால் நிறுவனத்தில் ஆக்டிவ் டைரக்டரி டொமைன் இருக்க வேண்டும், கேல்களை வழங்கிக் கணக்கு வைக்கும் லைசன்ஸ் சர்வர் அதில் 'டெர்மினல் சர்வர் லைசன்ஸ் சர்வர்ஸ்' குழுவில் சேர்ந்திருக்க வேண்டும். காவல் இல்லாததால் இதை நாணயத்தின் பேரில் ஓடும் ஏற்பாடு என்றே சொல்லலாம். மாதம் ஒருமுறை அறிக்கையை எடுத்துப் பார்ப்பதை ஒருவரின் பொறுப்பாக்குங்கள். டொமைன் இல்லாமல் வெறும் வொர்க்குரூப்பில் ஓடும் சிறிய அலுவலகத்துக்கு ஆள் கேல் ஒத்துவராது. விண்டோஸ் சர்வர் 2019 முதல், அந்த அமைப்பில் 60 நிமிடத்தில் தொடர்பைத் துண்டித்துவிடும். அவர்களுக்குக் கருவி வகை, அல்லது டொமைன் அமைப்பது.

ஷிப்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்ட் கொடுத்துவிட்டு 'ஆள் ஒன்றுதானே' என்று கணக்கிடுபவர்களும் இருக்கிறார்கள். லைசன்ஸ் மனிதருக்கு, லாகின் பெயருக்கு இல்லை. சரக்கு இருப்பில் எண் தவறாக இருக்கும் நாளில் அதை யார் மாற்றினார் என்று கண்டுபிடிக்கவும் வழியிருக்காது. எனக்கு இதில் பணத்தைவிடப் பெரிய கவலை அதுதான்: செய்யாத தவறுக்கு ஒரு தொழிலாளி பதில் சொல்ல நேரிடும்.

தொழிற்சாலையும் அலுவலகமும் சேர்ந்த நிறுவனம் இரண்டையும் கலக்கலாமா? கலக்கலாம். லைசன்ஸ் சர்வர் இரண்டு வகையையும் வைத்துக்கொள்ளும். ஆனால் பயனர்கள் வந்து உட்காரும் செஷன் ஹோஸ்ட் ஒவ்வொன்றும் ஒரே வகையைத்தான் கேட்கும். எனவே கூடத்துக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என இரண்டு செஷன் ஹோஸ்ட் வேண்டும். மேலே சொன்ன நிறுவனத்தில் 20 கருவி, 12 ஆள் என்று 32 கேலில் முடியும். எல்லோருக்கும் ஆள் வகை என்றால் 72. இந்த வித்தியாசம் இரண்டாவது செஷன் ஹோஸ்ட்டுக்கான செலவைத் தாங்குமா என்று விலைப்புள்ளி வாங்கிப் பாருங்கள். ஸ்டாண்டர்ட் பதிப்பின் ஒரு முழு லைசன்ஸ் இரண்டு மெய்நிகர் சர்வர்களை அனுமதிக்கிறது. டொமைன் கன்ட்ரோலரையும் செஷன் ஹோஸ்ட்டையும் ஒரே சர்வரில் வைக்கக் கூடாது என்பதால், அந்த இரண்டு இடமும் எளிதில் நிரம்பிவிடும் என்பதை மறக்க வேண்டாம். சிறிய கூடமாக இருந்து வித்தியாசம் பத்துக்குள் நின்றால், கலக்காமல் ஆள் வகையிலேயே நிற்பது நிம்மதி.

செஷன் ஹோஸ்ட் நிறுவிய நாளிலிருந்து 120 நாள் சலுகைக் காலம் உண்டு. அந்த நாள்களில் லைசன்ஸ் இல்லாமலேயே எல்லாம் ஓடும். நிறுவியவர் பணம் வாங்கிக்கொண்டு போயிருப்பார், நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் யாரும் உள்ளே வர முடியாது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு பதிவை அழித்தால் 120 நாள் மீண்டும் கிடைக்கும் என்ற குறிப்பு கைமாறி வருகிறது. அது லைசன்ஸ் மீறல், செய்யாதீர்கள். சலுகைக் காலத்தை ஆட்களையும் கருவிகளையும் எண்ணிச் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள். அது முடிய ஒரு மாதம் இருக்கும்போது கேல் கையில் இருக்க வேண்டும்.

சர்வரை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. சொந்த இடத்தில் வைத்தால் மின்னலும் வெள்ளமும் உங்கள் பொறுப்பு. 2023 மார்ச்சில் பத்து பஹாட், யோங் பெங், சிகாமட் பகுதிகள் வாரக்கணக்கில் நீரில் கிடந்ததை ஜொகூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தரைத்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் சர்வர் வைத்திருப்பவர்கள் லைசன்ஸுக்கு முன் அதை மேலே ஏற்றட்டும்.

மேகத்தில் மைக்ரோசாஃப்டின் இரண்டு வழிகள் உண்டு. அஸூர் வர்ச்சுவல் டெஸ்க்டாப்பில், மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் போன்ற சந்தா இருந்தால், பலர் பகிரும் விண்டோஸ் 11ஐ ஆர்.டி.எஸ். கேல் இல்லாமல் பயன்படுத்தலாம். கணினி ஓடும் நேரத்துக்குக் கட்டணம். இரவில் அணைக்க ஆள் இருந்தால் சிக்கனம், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் கட்டணம் பயமுறுத்தும். விண்டோஸ் 365 என்பது ஆளுக்கு மாதம் இவ்வளவு என்ற நிலையான தொகை, பராமரிக்க ஆள் இல்லாத பத்துப் பேர் அலுவலகத்துக்கு ஏற்றது. அதன் ஃப்ரன்ட்லைன் வகையில் ஒரு லைசன்ஸுக்கு மூன்று பேர் வரை, ஒரு நேரத்தில் ஒருவர் என்று ஷிப்டு வேலைக்குப் பொருந்தும் ஏற்பாடும் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தரவுத்தளம் பாசிர் கூடாங்கில் இருக்க, டெஸ்க்டாப்பை மட்டும் சிங்கப்பூர் தரவு மையத்துக்கோ, 2025 மே மாதம் கிள்ளான் பள்ளத்தாக்கில் திறக்கப்பட்ட மலேசியத் தரவு மையத்துக்கோ கொண்டுபோனால் கணக்கு மென்பொருள் ஊர்ந்து போகும். தரவும் டெஸ்க்டாப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். போனால் இரண்டும் சேர்ந்தே போகட்டும். கணக்கு மென்பொருளின் இணையப் பதிப்பே உங்களுக்குப் போதும் என்றால் ரிமோட் டெஸ்க்டாப்பே வேண்டாம். மின்-விலைப்பட்டியல் கட்டாயம் 2024 ஆகஸ்ட் முதல் படிப்படியாக வந்ததில் பலர் எப்படியும் மென்பொருளை மாற்றினார்கள். அப்படி மாற்றும் வேளையில் கேட்க வேண்டிய கேள்வி இது.

எந்த வழியை எடுத்தாலும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை இணையத்துக்கு நேராகத் திறந்துவைக்காதீர்கள். வி.பி.என். அல்லது 443 போர்ட்டில் ஓடும் ஆர்.டி. கேட்வே, அதோடு இரண்டடுக்குச் சரிபார்ப்பு. 2019 மே மாதத்தில் வெளிவந்த புளூகீப் ஓட்டை, பாஸ்வேர்ட் இல்லாமலேயே பழைய சர்வர்களுக்குள் நுழைய வழிவிட்டது. 2024 ஜூலையில் லைசன்ஸ் சேவையிலேயே அத்தகைய கடுமையான ஓட்டை திருத்தப்பட்டது. சிறிய அலுவலகங்கள் லைசன்ஸ் சேவையை டொமைன் கன்ட்ரோலரில் போட்டுவைக்கும் வழக்கத்தை அதன் பிறகு நான் ஆதரிப்பதில்லை. இப்போது சட்டமும் இறுகியிருக்கிறது: திருத்தப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 2025 ஜூன் 1 முதல் பெரும் பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும்.

ஏற்கெனவே சர்வர் வைத்திருப்பவர்கள் தானியங்கி மறுதொடக்க நேரத்தைத் திறந்து பாருங்கள். 2014 முதல் 2024 வரை ஜொகூரில் வெள்ளி, சனி வார விடுமுறையாக இருந்தது. 2025 ஜனவரி முதல் அது சனி, ஞாயிறாக மாறியது. பழைய வெள்ளிக்கிழமை அட்டவணை அப்படியே இருந்தால் இப்போது வேலை நாளில் சர்வர் அணையும்.

வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள். புதிய கேல் பழைய சர்வருக்குச் செல்லும், பழைய கேல் புதிய சர்வருக்குச் செல்லாது. லைசன்ஸ் சர்வரும் கேலின் பதிப்புக்குச் சமமாகவோ புதிதாகவோ இருக்க வேண்டும். விண்டோஸ் சர்வர் 2016க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 ஜனவரி 12இல் நிற்கின்றன. அதில் ஓடும் நிறுவனம் 2016 கேலை இன்னும் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம். சில பத்து ரிங்கிட்டுக்கு 50 கேல் என்று வரும் இணைய விளம்பரங்களை விட்டுவிடுங்கள். ஒப்பந்த எண்ணும், நிறுவனத்தின் பெயரில் விலைப்பட்டியலும் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள். சர்வர் பழுதாகி லைசன்ஸை வேறு இடத்துக்கு மாற்றும் நாளில் மைக்ரோசாஃப்ட் கேட்பது அந்த ஒப்பந்த எண்ணைத்தான். அதை அச்சிட்டு, நிறுவனப் பதிவுச் சான்றிதழ் இருக்கும் அதே கோப்பில் வையுங்கள்.