எண் குத்திய இரும்பு

நிலம் வாங்குகிறவர் வில்லங்கம் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. பழைய ஜாகுவார் இ-டைப் வாங்குகிறவர்களோ பெயின்டின் பளபளப்பிலேயே மயங்கிவிடுகிறோம். பட்டறைக்கு முதலில் அனுப்பிவிட்டு, வண்டியின் பூர்வீகத்தைப் பிறகு தேடுகிறோம். எனக்கு மிக அதிகமாகச் செலவு வைத்த தவறு இந்த வரிசைதான். 1961இல் ஜெனீவாவில் அறிமுகமான இந்த வண்டிக்கு முழுநீள சேஸிஸ் கிடையாது. நடுவில் தகட்டுக் கூடு. அதன் முன்னால், என்ஜினைத் தாங்கும் குழாய் ஃபிரேம் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். அந்த ஃபிரேமின் முன்பகுதியில், வலப்பக்க ஷாக் அப்சார்பருக்கு மேலே, சேஸிஸ் எண் குத்தியிருக்கும். குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிப்பதால் வெளியே பார்த்தால் தெரியாது. பட்டறைக்காரர் புது ஃபிரேம் போடுவதில் குற்றமில்லை, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அது. பழையதை வண்டிக்காரரைக் கேட்காமல் காயலான் கடைக்குப் போடுகிறாரே, அதுதான் மன்னிக்க முடியாத குற்றம். வண்டியின் அடையாளமே அந்த ஒரு சாண் இரும்போடு போய்விடுகிறது.

எண் பொறித்த தகடுதான் தனியாக இருக்கிறதே, பதிவுப் புத்தகமும் இருக்கிறதே என்பார்கள். தகடு ரிவெட்டில் நிற்பது; புதிதாகவே வாங்கி அடித்துவிடலாம். பிரிட்டனின் பதிவுச் சான்றோ, தான் உரிமைக்குச் சான்று அல்ல என்று தன் மேலேயே அச்சிட்டுக்கொண்டு வருகிறது. ஜாகுவார் டைம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழ் இவற்றைவிட உயர்ந்தது. ஆலைப் பதிவேட்டைப் பார்த்து, சேஸிஸ், என்ஜின், கியர்பாக்ஸ் எண்களையும் முதல் நிறத்தையும் தயாரான தேதியையும் சொல்லும். ஆனால் அது கோவென்ட்ரி ஆலையை விட்டுப் போன வண்டியைப் பற்றிய சாட்சி. நம் கொட்டகையில் நிற்பதும் அதே வண்டிதான் என்று சொல்ல இரும்பில் குத்திய எண் வேண்டும்.

'ஓல்ட் நம்பர் ஒன்' வழக்கை எடுத்துக்காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. 1929, 1930 லே மான் பந்தயங்களில் வென்ற பென்ட்லி அது. ஆரம்பகாலப் பாகங்கள் மிகக் கொஞ்சமே அதில் மிஞ்சியிருந்தும், அது அதே வண்டிதான் என்று 1990இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியானால் இரும்பு எதற்கு என்கிறார்கள். என்ன மாற்றப்பட்டது, எப்போது மாற்றப்பட்டது என்ற வரலாறு அறுபடாமல் தெரிந்திருந்ததால்தான் அந்த வண்டி தப்பியது. எதை அறுத்தோம் என்ற குறிப்பே இல்லாத வண்டிக்கு எந்த நீதிமன்றமும் துணைக்கு வராது.

ஆகவே ஸ்பேனரைத் தொடும் முன் சான்றிதழுக்கு எழுதுங்கள். பழைய பதிவுப் புத்தகம், எம்ஓடி எனப்படும் பிரிட்டனின் வாகனச் சோதனைச் சான்றுகள், பட்டறை ரசீதுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். ஓடிய மைல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் பழைய நிறம் மிஞ்சியிருக்கலாம், அதைச் சுரண்டிவிடாதீர்கள். எண்கள் அத்தனையையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகமும் வண்டிக்காரருக்கே சொந்தம் என்று எழுதிக் கையெழுத்திடத் தயங்கும் பட்டறையில் வண்டியை ஒரு ராத்திரிகூட விடாதீர்கள்.