ஏஐ விதிகளை வகுப்பே எழுதட்டும்

முதலில் மாணவர்களிடம் பெயரில்லாத சீட்டு வாங்குங்கள். ஒரே கேள்வி: எந்தப் பாடத்தில், எதற்காக சாட்ஜிபிடியையோ ஜெமினியையோ கேட்டீர்கள்? பெயர் எழுதச் சொன்னால் வகுப்பே ‘தொட்டதில்லை’ என்றுதான் எழுதும். கைபேசி இல்லாத பிள்ளை அதையும் எழுதட்டும்.

அடுத்த பீரியடில், சீட்டில் வந்தவற்றைப் போர்டில் மூன்றாகப் பிரியுங்கள்: செய்யலாம், சொல்லிவிட்டுச் செய்யலாம், கூடாது. ‘ஏஐ நல்லதா கெட்டதா’ என்று பட்டிமன்றம் வைத்துவிடாதீர்கள். கைதட்டல் கிடைக்கும், விதி கிடைக்காது. இயற்பியல் கணக்கில் புரியாத ஒரு வரியை விளக்கச் சொல்வது, தமிழ்க் கட்டுரைக்கு உட்தலைப்பு கேட்பது, ஆங்கிலக் கடிதத்தில் இலக்கணம் திருத்துவது என்று கைவசமுள்ள வேலைகளை எடுங்கள். சண்டை மூன்றாவது வேலையில்தான் வரும். இலக்கணத்துக்கே மதிப்பெண் என்றால் கூடாது, கருத்துக்கு என்றால் தடையில்லை. விதி வேலைக்கு வேலை மாறும் என்பது அந்தச் சண்டையிலேயே தெரிந்துவிடும்.

“ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்க சாஃப்ட்வேர் இருக்கே சார்?” என்று யாராவது கேட்பார்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ, தான் வெளியிட்ட அத்தகைய கருவியையே, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்தியதைச் சொல்லுங்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதியதை இக்கருவிகள் ஏஐ எழுத்தென்று தவறாகக் காட்டுவதை, அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். நம் பிள்ளைகளும் அந்த வகைதானே! ஆகவே சந்தேகம் வந்தால் என்ன செய்யலாம் என்று அவர்களையே கேளுங்கள். நோட்டில் எழுதிய முதல் வரைவைக் காட்டுவது, எழுதியதைப் பற்றி நேரில் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்வது: இரண்டும் நியாயமான வழிகள்.

வாக்கெடுப்புக்கு விடக்கூடாதது ஒன்று உண்டு. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. எனவே பெயர், படம், மதிப்பெண் எதையும் கருவியில் இடக்கூடாது; கணக்குத் தொடங்கினால்தான் முடியும் என்ற வீட்டுப்பாடமும் கூடாது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கைபேசி இல்லாத பிள்ளைக்கும் இது காப்பு.

விதிகளை எழுதும் வேலையை நான்கைந்து பேரிடம் கொடுங்கள்; முதல் மதிப்பெண்காரர்களை மட்டும் பொறுக்காதீர்கள். ஒரு பக்கம் போதும். ஏஐ உதவி பெற்றால் எந்தக் கருவி, என்ன கேட்டேன், எதை மாற்றினேன் என்று கடைசியில் மூன்று வரி எழுத வேண்டும் என்பது அதில் இருக்கட்டும். உங்களுக்கும் ஒரு விதி கேட்பார்கள்: வினாத்தாளை ஏஐயிடம் வாங்கினால் ஆசிரியரும் சொல்ல வேண்டும். மறுக்காதீர்கள்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் இந்த விதித்தாளை மறுபடி வகுப்பில் வாசித்து, யாரும் கடைப்பிடிக்காத விதியை அடித்துவிடுங்கள்.