அஞ்சும் நாயும் அணைக்கும் துணியும்

கொல்லிமலை என்றவுடன் தமிழ் பயில்வோர்க்கு வல்வில் ஓரியின் நினைவும், மிஷன் வரலாறு அறிந்தோர்க்கு ஜெசி பிராண்டு, ஈவ்லின் பிராண்டு தம்பதிகளின் நினைவும் எழுதல் இயல்பு. யாமோ அம்மலையூர்களில் மனையும் புனமும் காக்கும் நாய்களைக் குறித்துச் சில கூறப் புகுந்தோம். காட்டுப்பன்றியை எதிர்த்துக் குரைக்கும் நாயே, மலைமுகட்டில் இடி உருண்டவுடன் வாலை இடுக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்குகின்றது, உடல் நடுங்குகின்றது, எச்சில் ஒழுகுகின்றது. சில நாய்கள் கட்டறுத்தோடி வழி தவறிப்போதலும் உண்டு. இதனைக் கோழைத்தனம் என நகைப்பார் நகைக்க. அவ்வோசை யாதென்றும் எப்போது ஓயுமென்றும் அதற்கு எடுத்துரைப்பார் யார்?

இவ்வச்சத்தைத் தணிக்க எளிய உபாயம் ஒன்றுண்டு. அது, நாயின் மார்பையும் விலாவையும் துணியால் மெல்லச் சுற்றுதல். அழும் குழவியைத் தாயர் துணியிற் பொதிந்து அமர்த்துதல் போல்வது இது. பெத்லகேமிற் பிறந்த பாலனும் துணிகளிற் சுற்றப்பட்டவரே அன்றோ?

தோல் வெறும் போர்வையன்று, அறிவுப் பொறி. தொழுநோயாளரின் கைகால் சிதைதற்குப் பெருங்காரணம் உணர்ச்சி அற்றமையால் நேரும் காயங்களே என விளக்கிய டாக்டர் பால் பிராண்டு, மேற்கூறிய தம்பதிகளின் மைந்தராய் 1914-இல் கொல்லிமலையிலேயே பிறந்தவர். 1946-இல் வேலூர்ப் பணியை ஏற்றவர். உடலைக் காக்கும் அவ்வுணர்ச்சியே உள்ளத்தை அமர்த்தவும் வல்லது. அமெரிக்க அம்மையாராகிய டெம்பிள் கிராண்டின், ஊசியிடுதற்காக இருபுறமும் பலகையால் அணைக்கப்பட்ட மாடுகள் சில அமைதியுறக் கண்டு, ஆட்டிசம் உடைய தமக்கும் அத்தகைய கருவியொன்றை இளமையிலேயே அமைத்துக்கொண்டார். விலங்குகட்குத் துணி சுற்றும் முறையைப் பரப்பியவருள் லிண்டா டெலிங்டன் ஜோன்ஸ் என்பார் குறிப்பிடத்தக்கவர்.

முறை வருமாறு: மூன்று நான்கு அங்குல அகலமுள்ள கிரேப் பாண்டேஜின் நடுப்பகுதியை நாயின் மார்பின் முன்னே வைக்க. இரு முனைகளையும் தோள்மீது கொணர்ந்து முதுகின்மேல் மாறிடுக. முன்னங்கால்களுக்குப் பின்னே விலா வழியாக இறக்கி, வயிற்றின் கீழ் மீண்டும் மாறிட்டு, மேலே கொணர்ந்து முடிக. முடிச்சு முதுகெலும்பின்மேல் அமையாது ஒருபக்கம் ஒதுங்குதல் வேண்டும். துணிக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல் எளிதில் நுழைதலே அளவு. இடி இடிக்கையில் முதன்முதற் சுற்றத் தொடங்குவது பேதைமை. வானம் தெளிந்த நாளிலேயே தீனி கொடுத்துப் பழக்குக.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விழைகின்றோம். துணி சுற்றியதும் நாய் மரம்போல் அசையாது நின்றால், அமைதியுற்றது என மகிழ்வார் பலர். அஃது அமைதியன்று, அச்சத்தின் மிகுதியால் விறைத்த நிலை. அமைதியுற்ற நாய் பெருமூச்செறிந்து படுக்கும், நம் கையை நக்கும், தீனியை ஏற்கும். விறைத்து நிற்பினும் பற்களாற் பிடுங்கினும் உடனே அவிழ்த்துவிடுக. வலிந்து சுற்றியது அணைப்பாகாது, தளையேயாம்.

பயன் எவ்வளவெனின், 2013-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில் இடிக்கஞ்சும் 18 நாய்கள் இத்தகைய உடுப்பை அணிந்தன. ஐந்தாம் முறையளவில் அச்சத்தின் மதிப்பெண் சராசரி 47 விழுக்காடு குறைந்தது. உடுப்பணியாத நாய்களோடு ஒப்புநோக்காமையின் இவ்வெண்ணை முடிந்த முடிபாகக் கொள்ளோம். மிகக் கொடிய அச்சத்திற்குக் கால்நடை மருத்துவரே புகல்.

நாய், மூச்சிரைத்தே தன் வெப்பத்தைப் பெரும்பாலும் போக்குவது. ஆதலின் கொல்லிமலைக் குளிருக்கு ஏற்ற கட்டு நாமக்கல் வெயிலுக்கு ஆகாது. கட்டிய நாயைத் தனியே விட்டுச் செல்லலும் கூடாது. மழை ஓய்ந்து, நாய் தானே எழுந்து வாசலை நோக்குங்கால் அவிழ்த்துவிடுக.