கடைசிப் படகு போன பிறகு: ஜப்பானியத் தீவில் எங்கே தங்கலாம்?

ஒக்கினாவாவின் தென்மேற்குப் பகுதியில் இருக்கிறது இஷிகாக்கித் தீவு. அதன் துறைமுகத்தில் படகேறினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தகெதொமித் தீவு வந்துவிடும். பகலெல்லாம் எருமை வண்டியும் வாடகை சைக்கிளுமாகக் கலகலக்கும் ஊர், மாலையில் கடைசிப் படகு கிளம்பியதும் அடங்கிவிடுகிறது. மொத்த மக்களே முந்நூற்றுச் சொச்சம் பேர்தான். விடிந்ததும் வீட்டுக்காரர்கள் அவரவர் வாசலுக்கு எதிரே இருக்கும் வெண்மணல் தெருவைப் பெருக்குகிறார்கள். துடைப்பம் இழுத்த கோடுகள் கலையாமல் கிடக்கும் தெருவில் முதல் காலடி வைப்பவர் பெரும்பாலும் முந்தைய இரவு அங்கே தங்கியவர்தான். பகலோடு திரும்புகிறவருக்கு அது கிடைக்காது.

தங்குவது என்று முடிவு செய்துவிட்டால், எந்த மாதிரி இடத்தில் என்பது அடுத்த கேள்வி. தோக்கியோவிலோ ஒசாக்காவிலோ வாடகையையும் ரயில் நிலையத்தின் தூரத்தையும் பார்த்தால் போதும். சின்னத் தீவில் அந்தக் கணக்கு செல்லாது. ராத்திரிச் சாப்பாடு எங்கே, விடியற்காலை எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்ற இரண்டையும் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். விலையைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

தீவுகளில் அதிகம் கண்ணில் படுவது ‘மின்ஷுக்கு’. ஒரு குடும்பம் தன் வீட்டிலோ, வீட்டை ஒட்டியோ நடத்தும் விடுதி இது. ராத்திரிச் சாப்பாடு, காலைச் சாப்பாடு இரண்டும் சேர்த்து ஆளுக்குச் சுமார் 8,000 முதல் 12,000 யென் வரை கேட்பார்கள். கட்டணம் அறைக்கு இல்லை, தலைக்கு. அறையில் கட்டில் இருக்காது. கோரைப்பாய் விரித்த தத்தாமித் தரை, ஒரு குட்டை மேசை, தேநீர்ச் சாமான்கள், சுவரோடு சேர்ந்த அலமாரியில் மடித்து வைத்த மெத்தை இவ்வளவுதான். பல வீடுகளில் மெத்தையை எடுத்து விரித்துக்கொள்வதும் காலையில் மடித்து வைப்பதும் விருந்தினர் வேலை. கழிப்பறைக்கென்று தனிச் செருப்பு அதன் வாசலிலேயே இருக்கும். அதைப் போட்டுக்கொண்டே வீட்டுக்குள் நடந்துவிடக் கூடாது. துண்டும் பல் துலக்கும் சாமானும் கொடுப்பார்கள் என்று நம்பிப் போகாமல் கையோடு கொண்டுபோவது நல்லது.

குளியலறைதான் புதியவர்கள் தடுமாறும் இடம். குட்டை முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, உடம்பை நன்றாக அலசிய பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். அந்தத் தண்ணீர் அன்றிரவு அந்த வீட்டில் தங்கும் எல்லாருக்கும் பொது. குளித்து முடித்ததும் அடைப்பானைப் பிடுங்கிவிட்டால், பின்னால் வருகிறவருக்குத் தண்ணீர் இருக்காது.

வீட்டம்மாவை விருந்தினர்கள் ‘ஒகாசான்’, அதாவது அம்மா என்றே கூப்பிடுவது வழக்கம். சாப்பாடு ஆறு, ஆறரை மணிக்கெல்லாம் தயாராகிவிடும். எட்டு மணிக்கு வந்து கதவைத் தட்டினால் ஒன்றும் கிடைக்காது.

மின்ஷுக்குவுக்கு நேர் எதிர் ‘கெஸ்ட்ஹவுஸ்’. அடுக்குக் கட்டில் போட்ட பொது அறையில் ஒரு படுக்கை பெரும்பாலும் 3,000 முதல் 5,000 யென்னுக்குள் கிடைக்கும். சாப்பாடு கிடையாது. ஆனால் பொதுச் சமையலறை இருக்கும், தனியாக வந்தவருக்குப் பேச்சுத் துணையும் கிடைக்கும். மின்ஷுக்குகளிலும் சாப்பாடு இல்லாமல் படுக்க மட்டும் இடம் தரும் முறை உண்டு. அதற்குப் பெயர் ‘சுதோமாரி’. முன்பதிவு செய்யும்போது இந்தச் சொல் கண்ணில் பட்டால், ராத்திரி எங்கே சாப்பிடுவது என்று அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். ‘ரியோகான்’ இவற்றையெல்லாம் விடப் பல மடங்கு உபசாரமும் செலவும் உள்ள பாரம்பரிய விடுதி. வீட்டை வாடகைக்கு விடும் ‘மின்பாக்கு’ முறைக்கு 2018 ஜூனில் தனிச் சட்டம் வந்தது. அதன்படி ஓர் ஆண்டில் 180 நாளுக்கு மேல் ஆள் தங்கவைக்க முடியாது. சட்டப்படியான பதிவு எண்ணைக் காட்டாத வீட்டைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

எந்தத் தீவுக்கு எது பொருந்தும் என்று மூன்று தீவுகளை வைத்துப் பார்க்கலாம்.

தகெதொமிக்குச் சாப்பாட்டோடு கூடிய மின்ஷுக்குதான் சரி. இங்கே இருபத்து நான்கு மணி நேரக் கடை எதுவும் இல்லை, ராத்திரியில் திறந்திருக்கும் உணவகங்களும் விரல்விட்டு எண்ணும் அளவே. நிலத்தை வெளியாருக்கு விற்பதில்லை என்பது 1986-இல் ஊரார் ஏற்படுத்திக்கொண்ட சாசனத்தின் முதல் கொள்கை. பவளக்கல் மதிலும் செவ்வோட்டுக் கூரையுமாக ஊர் இன்றும் நிற்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அப்படிப்பட்ட ஒரு கூரைக்குக் கீழே, சான்ஷின் என்னும் மூன்று தந்தி வாத்தியத்தைக் கேட்டபடி, அவாமோரிச் சாராயத்தோடு நடக்கும் ராத்திரி அரட்டைக்கு ‘யுன்தாக்கு’ என்று பெயர். குடிக்காதவரும் உட்காரலாம். வாசிப்பது பல நேரங்களில் வீட்டுக்காரராகவே இருக்கும்.

யாக்குஷிமாவில் கணக்கே வேறு. 1993-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இந்தத் தீவுக்குப் போகிறவர்களில் பலருக்கு ஜோமோன் சுகி என்ற பழம்பெரும் மரத்தைப் பார்ப்பதுதான் நோக்கம். போக வர 22 கிலோமீட்டர் நடை, சுமார் பத்து மணி நேரம். மார்ச் முதல் நவம்பர் வரை மலையடிவாரத்துக்குச் சொந்த வண்டி போக முடியாது. விடியற்காலை ஐந்து மணி வாக்கில் கிளம்பும் பேருந்தைப் பிடிக்க வேண்டும். மின்ஷுக்குவின் காலைச் சாப்பாடு ஏழு மணிக்கு வந்தால் யாருக்கு என்ன பயன்? அதற்குப் பதிலாகக் கட்டுச்சோறு தருவார்களா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். தராவிட்டால் நான்கு மணிக்கே திறக்கும் பெந்தோ என்னும் கட்டுச்சோற்றுக் கடையில் முந்தைய நாளே சொல்லிவைக்கலாம். தீவைச் சுற்றிவரும் சாலை சுமார் 100 கிலோமீட்டர், பேருந்தோ எப்போதாவதுதான். அதனால் மலையேறுகிறவர் அம்போ ஊரில் தங்குவதே வசதி.

யாக்குஷிமாவில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, ஈரத் துணியைக் காயவைக்க வசதி உண்டா என்பது. மாதத்துக்கு முப்பத்தைந்து நாள் மழை என்று சொல்லப்படும் தீவு அது. கரையோரத்திலேயே ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் பெய்கிறது, மலைமேல் அதைப்போல் இரண்டு பங்கு. நனைந்த பூட்ஸோடு அடுத்த நாளும் நடப்பதைவிட, உலர்த்தும் அறை உள்ள விடுதிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது மேல். மலையிறங்கி வந்தவர் தட்டில் இறக்கை விரித்தபடி முழுசாகப் பொரித்த மீன் வரும். பறவைக் கோலா! நாகப்பட்டினக் கரைக்காரர்களுக்கு அது அறிமுகமான மீன்தான்.

கலைக்கூடத் தீவான நவோஷிமாவில் கெஸ்ட்ஹவுஸே போதும். உனோ துறைமுகத்திலிருந்து இருபது நிமிடத்தில் வந்துவிடலாம். 2004-இல் திறந்த, ததாவோ அந்தோ பூமிக்குள் புதைத்துக் கட்டிய சிச்சு கலைக்கூடத்தையும், 2021 புயலில் அடித்துச் செல்லப்பட்டு 2022-இல் மீண்டும் நிறுவப்பட்ட யாயோய் குசாமாவின் மஞ்சள் பூசணியையும் பார்ப்பதிலேயே பகல் கழிந்துவிடும். பெனெஸ்ஸே ஹவுஸில் கலைக்கூடத்துக்குள்ளேயே தங்கலாம், ஆனால் அதற்கான செலவு எல்லாருக்கும் ஆகாது. மியானோவுரா பக்கம் தங்கினால் படகுத்துறை அருகில். ஹொன்முரா பக்கம் தங்கினால் பழைய வீடுகளையே கலைப்படைப்பாக மாற்றிய தெருக்களில் காலாற நடக்கலாம். திங்கட்கிழமை பல கலைக்கூடங்கள் மூடியிருக்கும் என்பதால், ஞாயிறு ராத்திரி அறை எடுப்பதில் அர்த்தமில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் தனி ஆலோசனை. ஜப்பானியச் சமையலில் மீன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். சூரை மீனைப் புகையூட்டி உலர்த்திய, நம் மாசிக் கருவாடு போன்ற கட்சுவோபுஷியில் எடுத்த சாறுதான் பெரும்பாலான குழம்புகளுக்கும் சாறுகளுக்கும் அடிப்படை. காய்கறிப் பதார்த்தம் என்று கொண்டுவந்து வைப்பதிலும் அது இருக்கும். இதை மறைப்பதாக எண்ணக் கூடாது. அங்கே அதை யாரும் மீன் கறியாக நினைப்பதில்லை. ஆகவே சமையலறை உள்ள கெஸ்ட்ஹவுஸைத் தேர்ந்தெடுத்து, அரிசி, பருப்பு, பொடி வகைகளோடு போவதே நிம்மதி. மின்ஷுக்குதான் வேண்டும் என்றால், எதையெல்லாம் சாப்பிட மாட்டீர்கள் என்பதை ஜப்பானிய மொழியில் எழுதி முன்பதிவின்போதே அனுப்பிவிடுங்கள். வந்து உட்கார்ந்த பிறகு சொன்னால், சமைத்தவருக்கும் சங்கடம், சாப்பிடுகிறவருக்கும் பட்டினி.

பணம் ரொக்கமாக இருக்கட்டும், அட்டை வாங்காத வீடுகள் தீவுகளில் இன்னும் உண்டு. விடுதிக்காரர் பாஸ்போர்ட்டைப் பிரதி எடுத்துக்கொள்வது நடைமுறை விதி, அதை மறுக்க வேண்டாம். ஜூலை முதல் அக்டோபர் வரை புயல் காலம். படகு நின்றுபோனால் ரத்துக் கட்டணம் உண்டா என்று பதிவு செய்யும் முன்பே கேட்டுவிடுங்கள். வர முடியாது என்று தெரிந்த நிமிடமே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்த வீட்டில் மீன் வாங்குவது தலையை எண்ணித்தான்.