சிவப்பு எவ்வளவு நேரம் எரியும்?

பிரிஞ்சாங்கிலிருந்து சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் சாலை மிகக் குறுகலானது. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது எதிரே வருபவர் கையில்! கோலாலம்பூரின் பல சந்திப்புகளிலோ சமிக்ஞை விளக்கின் அருகிலேயே வினாடிகள் இறங்கு வரிசையில் ஓடுகின்றன. அந்த நேரத்தை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் நம் மாணவர் பலர் மௌனமாகிவிடுகின்றனர். மூவெட் வாய்மொழித் தேர்விலும் வேலை நேர்முகத்திலும் நம்மைப் பின்னுக்கு இழுப்பது இந்த மௌனம்தான் எனலாம். இத்தனைக்கும் தேவையான சொற்கள் அவர்களுக்குத் தெரிந்தவையே.

தமிழில் விளக்கு ‘எரிகிறது’, பச்சை ‘விழுகிறது’. 1868-இல் இலண்டன் நாடாளுமன்றத்தின் அருகே நிறுவப்பட்ட சமிக்ஞை விளக்கு எரிவாயுவில் உண்மையாகவே எரிந்தது; அடுத்த ஆண்டே வெடித்தும் போனது. ஆனால் இன்று ‘பர்ன்’ என்றால் தீப்பிடித்ததாகவும், ‘ஃபால்’ என்றால் கம்பம் சாய்ந்ததாகவும் பொருள்படும். நிறம் மாறும் கணத்துக்கு ஆங்கிலத்தில் ‘டர்ன்’: ‘தி லைட் டர்ன்ட் கிரீன்’. நிறம் நீடிக்கும் காலத்துக்கு ‘ஸ்டே’: ‘தி லைட் ஸ்டேஸ் ரெட் ஃபார் நைன்ட்டி செகண்ட்ஸ்’. ‘விழுந்தது’, ‘இருக்கும்’ என்று நம்மிடமும் இதே வேறுபாடு உண்டு. எடுத்துச் செல்ல வேண்டியது அந்த வேறுபாட்டை, வினைச்சொல்லை அல்ல.

வேற்றுமை உருபுகளும் நமக்குத் துணை நிற்கின்றன. ‘ஒரு நிமிடத்துக்குச் சிவப்பாக இருக்கும்’ என்பதில் வரும் ‘கு’ ஆங்கிலத்தில் ‘ஃபார்’ ஆகும். ‘ஒரு நிமிடத்தில் பச்சை விழும்’ என்பதில் வரும் ‘இல்’, ‘இன்’ ஆகும்: ‘இட் வில் டர்ன் கிரீன் இன் எ மினிட்’. இங்கே பலர் ‘வித்தின்’ போடுகின்றனர். அது ‘ஒரு நிமிடத்துக்குள்’ என்று கெடு வைப்பதாகும்.

உண்மையான சிக்கல், விளக்கு மாறாமல் காத்திருக்கும்போதுதான் வருகிறது. ‘இரண்டு நிமிடமாகச் சிவப்பிலேயே இருக்கிறது’ என்கிறோம். வினை நிகழ்காலம், தொடங்கி இதுவரை நீடிக்கும் காலத்தை ‘ஆக’ என்ற ஈரெழுத்து சுமந்துகொள்கிறது. மலாயில் அந்த வேலையை ‘சுடா’ செய்கிறது. நம் நாட்டுப் பேச்சாங்கிலத்தில் அதுவே ‘ஆல்ரெடி’ ஆகி, ‘டூ மினிட்ஸ் ஆல்ரெடி’ என்கிறோம். நண்பர்களுக்குள் அது போதும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை என்பதே என் கருத்து. தேர்வறையில் மட்டும் போதாது. ஆங்கிலத்துக்கு ‘ஆக’ கிடையாது. ஆகவே சுமை வினையின் மீது ஏறுகிறது: ‘இட்ஸ் பீன் ரெட் ஃபார் டூ மினிட்ஸ்’. தமிழில் ‘ஆக’ வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஹேஸ் பீன்’ வருமா என்று ஒரு கணம் யோசித்தால், பேருந்துக்காகக் காத்திருப்பது, மழை விடாமல் பெய்வது எல்லாவற்றுக்கும் இதே வழி உதவும்.

கேள்வி கேட்கும்போது ‘ஹவ் மச் டைம்’ வேண்டாம், ‘ஹவ் லாங்’ போதும். மஞ்சளைப் பிரிட்டிஷார் ‘ஆம்பர்’ என்பர், அமெரிக்கர் ‘யெல்லோ’ என்பர். அது சில வினாடிகளே நீடிப்பதால் ‘லாஸ்ட்’ பொருந்தும்: ‘தி ஆம்பர் ஒன்லி லாஸ்ட்ஸ் எ ஃபியூ செகண்ட்ஸ்’.