எழுத உட்கார்ந்தால் வரி வரவில்லையா?

பாட்டைப் போடுங்கள், ஆனால் வார்த்தையில்லாத இசையாக. காதில் ஒரு வரி ஓடும்போது கையில் இன்னொரு வரி ஓடாது. பிடித்த சினிமாப் பாட்டுதானே மனதை இளக்கும் என்பீர்கள். இளக்கும்தான், கூடவே அந்தப் படத்தின் மழையும் ரயிலும் உங்கள் கதைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு ‘ஹவ் டு நேம் இட்’ போன்ற கருவியிசை, நாகஸ்வர ஆலாபனை இரண்டுமே நல்ல தேர்வு. ஆலாபனையில் தாளக்கட்டு கிடையாது என்பதால் உங்கள் வாக்கியம் தன் போக்கில் நீளலாம். ஒரு கதைக்கு ஒரே இசையையே வைத்துக்கொள்ளுங்கள். சலிக்கும், சலிக்கட்டும். புதுமை போனால்தான் காது எழுத்துக்கு வழிவிடும், மறுநாள் அதே இசை விட்ட இடத்தையும் ஞாபகப்படுத்தும்.

அப்படியும் நகரவில்லையா? தெரிந்த ஒரு மெட்டைத் ‘தன்னானே’ என்று முனகி, அந்த அளவுக்கு ஒரு வாக்கியம் எழுதுங்கள். மெட்டு முதலில், வரி பிறகு என்பது சினிமாப் பாடலாசிரியர்களுக்கு அன்றாட வேலை. அளவு கிடைத்தால் சொல் தேடுவது சுலபம். செயற்கையாக இருக்காதா? இருக்கும், மூன்றாவது வாக்கியத்தில் மெட்டை விட்டுவிடுங்கள். திருத்தும்போது மட்டும் இசையை நிறுத்துங்கள். பின்னணியில் வீணை ஒலித்தால் மொக்கை வரியும் அழகாகத் தெரியும்; வாசகருக்கு அந்த வீணை கேட்காது.