வெளிச்சம் கூட்டுமுன் ஒரு வார்த்தை

அன்பு மருமகனுக்கு,



உன் செய்தி கிடைத்தது. அம்பாறைக்கு வேலைக்குப் போய்வரத் தொடங்கியதிலிருந்து, மஃரிபுக்குப் பிறகு திரும்பும்போது அல்டோ காரின் ஹெட்லைட் போதவில்லை என்று எழுதியிருக்கிறாய். கடையில் 100 வாட் பல்ப் ஒரு சோடியும், பெட்டியில் 20,000 லூமன் என்று அச்சடித்த எல்.ஈ.டி. செட் ஒன்றும் காட்டினார்களாம். எதைப் போடுவது என்று கேட்கிறாய். இரண்டையும் போடாதே மகன். ஆனால் உன் முறைப்பாடு நியாயமானது. மல்வத்தை, சம்மாந்துறை, மாவடிப்பள்ளி என்று வரும் அந்த ரோட்டில் வயல்வெளி தொடங்கினால் இருட்டுத்தான். கட்டாக்காலி மாடு படுத்துக் கிடக்கும்; பின்விளக்கே இல்லாத உழவு இயந்திரப் பெட்டி நெல்மூட்டையோடு ஊர்ந்து போகும்; சில நாள் யானையும் ஏறி நிற்கும். உனக்கு நன்றாகத் தெரியத்தான் வேண்டும். அதற்கு வழி வேறு. வாகன வயரிங்கிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன், பொறுமையாக வாசி.

உன் காரில் இருப்பது எச்4 பல்ப். ஒரே குமிழுக்குள் இரண்டு இழைகள்: ஹை பீமுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழையின் அடியில் சின்னதாக ஓர் உலோகக் கிண்ணம் இருக்கிறது. கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறைத்துவிடும். மிச்ச ஒளி ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் பட்டு, ரோட்டைப் பார்த்துச் சாயும். சுவருக்கு நேரே காரை நிறுத்தி டிம் போட்டுப் பார்: கீழே வெளிச்சம், மேலே இருட்டு, நடுவில் தெளிவான ஒரு கோடு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் அந்தக் கோடு இடப்பக்கத்தில் சற்று மேலேறும். ரோட்டோரம் நடந்து போகிறவர் அதில் தெரிவார்; வலப்பக்கத்தால் எதிரே வருகிறவரின் கண் கோட்டுக்கு மேலே தப்பிக்கொள்ளும். ஹெட்லைட்டின் தரத்தை அந்தக் கோட்டை வைத்துத்தான் நான் அளப்பேன்.

எல்.ஈ.டி. செட் கெடுப்பது அந்தக் கோட்டைத்தான். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும், மெல்லிய ஓர் இழை எந்த இடத்தில் எரிகிறதோ அந்த இடத்தைக் கணக்கிட்டு வார்க்கப்பட்டது. இழை இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் சதுரச் சில்லு ஒட்டிய தகட்டைச் செருகினால், ஒரு மில்லிமீற்றர் விலகல் கூட ஒளியைக் கண்டபடி சிதறடிக்கும். கொஞ்சம் மரத்துக்கு, கொஞ்சம் எதிரே வருகிறவரின் கண்ணுக்கு, மிச்சம் உன் பொனட்டுக்கு முன்னால். முன்னால் பளீரென்று தெரிவதால் நீ வெளிச்சம் கூடிவிட்டது என்று நம்புவாய். உண்மையில் கிட்டத்து வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்கி, தூரத்தில் கிடக்கும் மாடு முன்னையை விட மங்கலாகத்தான் தெரியும்.

பெட்டியில் உள்ள எண்ணையும் நம்பாதே. எச்4 பல்புக்கு சர்வதேச விதி வகுத்த அளவு டிம்மில் 1000 லூமன், ஹை பீமில் 1650 லூமன், அவ்வளவுதான். கம்பனியிலிருந்தே வரும் 35 வாட் செனன் விளக்கு கூட 3200 லூமனைச் சுற்றித்தான் தரும். 2000 லூமனைத் தாண்டினால், பாரத்துக்கு ஏற்பத் தானாகத் தாழும் ஏற்பாடும் கண்ணாடியைக் கழுவும் ஏற்பாடும் இருக்க வேண்டும் என்று ஐ.நா. வாகன விதி சொல்கிறது. கண்ணாடியில் ஒட்டிய தூசி கூட அந்த அளவு வெளிச்சத்தை எதிரே வருகிறவரின் கண்ணில் தெறிக்க வைக்கும் என்பதால் வந்த விதி அது. ஹலஜன் விளக்குக்குள் எல்.ஈ.டி. போடுவது ஜெர்மனியில் 2020 வரை எவருக்கும் அனுமதி இருக்கவில்லை. அந்த ஆண்டு ஒஸ்ராம் கம்பனிக்கு அனுமதி கிடைத்ததும், கார் மாடல் ஒவ்வொன்றாகச் சோதித்து, பட்டியலில் உள்ள மாடல்களுக்கு மட்டும்தான். பெயர் தெரியாத பெட்டி ஒன்று எல்லாக் காருக்கும் பொருந்தும் என்றால் எப்படி நம்புவது?

100 வாட் பல்பின் கதை வேறு. அதில் இழை சரியான இடத்திலேயே இருக்கும். ஆனால் உன் வயரிங் அதற்குச் செய்ததல்ல. 60 வாட்டுக்கு 5 அம்பியர் ஓடிய வயரில் 8க்கு மேல் ஓடும். வயரின் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் கூடுவதால், கிட்டத்தட்ட மூன்று மடங்கு சூடு. ஹோல்டர் உருகும், சுவிட்ச் கருகும், ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சு மங்கும். அப்படி உருகிய ஹோல்டர்களை நிறையவே கழற்றியிருக்கிறேன். நீலம் பூசிய பல்ப் பக்கமும் போகாதே. அந்தப் பூச்சு ஒளியில் ஒரு பங்கைத் தானே விழுங்கிவிடும்.

இனி எதிரே வருகிறவரை நினைத்துப் பார். காரைதீவுச் சந்தியில் நீ திரும்பியதும் ஏறுவது ஏ4 வீதி. சாய்ந்தமருது, கல்முனை என்று ஊருக்குள்ளேயே ஓடும் ரோட்டு. இரண்டு பக்கமும் வீடு, கடை, பள்ளி. இஷாவுக்குப் பிறகு கறுப்பு அபாயாவோடு வீதியைக் கடக்கும் தாய்மார், விடியுமுன் ஸுபஹுக்கு நடக்கும் முதியவர்கள், கடலுக்குப் போகச் சைக்கிள் மிதிக்கும் மீனவர்கள், நோன்பு மாதத்தில் தராவீஹ் முடிந்து ரோட்டை நிறைத்து வரும் பிள்ளைகள். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக்காரருக்குப் போய்ச் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கண்ணில் புரை விழுந்திருந்தால் வெளிச்சம் உள்ளே சிதறி, முன்னால் ஒரு வெள்ளைத் திரை விழும். உன் வாப்பாவுக்கும் இப்போது அந்த வயது. அவரும் இந்த ரோட்டில்தான் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறவர் மூன்று வினாடி கண் கூசினால், 50 மீற்றர் தூரம் எதுவும் தெரியாமல் வருகிறார். அந்த 50 மீற்றருக்குள் ஒரு பிள்ளை கடக்கலாம். உன் காரும் அதற்குள்தான் இருக்கும். மாரி மழையில் இன்னும் மோசம். நனைந்த தார் ஒளியை உன் பக்கம் திருப்பாமல் முன்னோக்கி வழுக்கிவிடுவதால், ரோட்டு உனக்குக் கறுப்பாகவும் எதிரே வருகிறவருக்குக் கண்ணாடியாகவும் ஆகிவிடும்.

அப்படியென்றால் என்ன செய்வது? உன் கார் இழந்த வெளிச்சத்தை முதலில் மீட்டு எடு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதனால் நம் ரோட்டில் ஓடுவதில் பெரும்பகுதி வயதான கார்கள். கடற்கரை ஊரின் உப்புக்காற்று எர்த் முனைகளிலும் கனெக்டர்களிலும் பச்சைக் களிம்பு ஏற்றியிருக்கும். எஞ்சினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, பற்றரியிலும் பல்ப் ஹோல்டரிலும் மல்டிமீற்றர் வைத்துப் பார். பற்றரியில் 14 வோல்ட் இருந்து ஹோல்டரில் 12.6 மட்டும் வந்தால், குறைவது பத்து வீதம்தான். ஆனால் ஹலஜன் இழையின் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது வீதம் விழுந்துவிடும். அந்த நிலையில் பெரிய பல்ப் போடுவது, அடைத்த குழாயை விட்டுவிட்டு மோட்டாரை மாற்றுவது போல. முனைகளைச் சுரண்டித் துடை. பற்றரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தடித்த வயர் இழுத்து, ரிலே பூட்டச் சொல். பழைய சுவிட்ச் அப்போது ரிலேயை மட்டும் இயக்கும். பல்புக்கு முழு வோல்ட் போய்ச் சேரும்.

அடுத்தது ஹெட்லைட்டின் முன்கண்ணாடி. அது பொலிகார்பனேட்; வெயிலில் மஞ்சளாகும். 1000, 2000, 3000 என்று தண்ணீர்த்தாள் போட்டு, பொலிஷ் செய்து, கடைசியில் வெயில் தாங்கும் பூச்சு அடிக்க வேண்டும். பூச்சைத் தவறவிட்டால் சில மாதத்தில் திரும்ப மஞ்சளாகும். பிறகு நல்ல கம்பனியின் 60/55 வாட் பல்ப் இரண்டையும் சோடியாக மாற்று. கண்ணாடிக் குமிழை விரலால் தொடாதே. விரலின் எண்ணெய் பட்ட இடம் சூடேறி பல்ப் சீக்கிரம் போய்விடும். கடைசியாக உயரம் பார். டயருக்குச் சரியான காற்று, சமதரை, சாரதி ஆசனத்தில் ஒருவர். சுவரிலிருந்து 10 மீற்றர் தள்ளி நிறுத்தினால், கோடு விளக்கின் உயரத்துக்கு 10 சென்ரிமீற்றர் கீழே விழ வேண்டும். டிக்கியில் அரிசி மூட்டை ஏற்றினால் முன்பக்கம் நிமிரும். டாஷ்போர்டில் லைட் தாழ்த்தும் சில்லு இருந்தால் அதைத் திருப்பு. இவ்வளவும் செய்த பிறகு அதே காரா என்று நீயே கேட்பாய்.

ஹை பீம் வயல்வெளிக்கு உரியது. எதிரே வெளிச்சம் தெரிந்தவுடன் டிம் பண்ணு. அவர் டிம் பண்ணாவிட்டாலும் நீ பண்ணு. அவர் மேல் கோபப்பட்டு நீயும் பாய்ச்சினால், கண் தெரியாத இரண்டு பேர் ஒரே ரோட்டில் சந்திக்கிறார்கள். பார்வையை இடப்பக்க ஓரத்தில் வைத்து, வேகத்தைக் குறை. வெளிச்சத்துக்குள் நிறுத்த முடியாத வேகம் எந்த பல்ப் போட்டாலும் வேகம்தான்.

2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தோடு பொலிஸார் பஸ், முச்சக்கர வண்டிகளில் கூடுதலாகப் பூட்டியவற்றைக் கழற்ற வைத்தது உனக்கு நினைவிருக்கும். பொலிஸுக்குப் பயந்து சரியாக நடப்பதை விட மேலான காரணம் நமக்கு உண்டு. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கற்றுத் தந்ததை மத்ரஸாவில் ஓதியவன் நீ. முள்ளையும் கல்லையும் எடுத்துப் போடுவது மட்டுமல்ல அது. அடுத்தவரின் கண்ணைப் பறிக்கும் வெளிச்சமும் பாதையில் கிடக்கும் தொல்லைதான். அதை அந்தப் பாதையில் போடாமல் இருப்பது உன் கையில் இருக்கிறது. ரோட்டில் நீ பாய்ச்சும் வெளிச்சத்தில் எதிரே வருகிறவருக்கும் பங்கு உண்டு என்று நினைத்து ஓட்டு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் காரைக் கொண்டு வா. மல்டிமீற்றரும் ரிலேயும் என்னிடம் இருக்கின்றன. பல்ப் மட்டும் வாங்கி வா, 60/55. உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் ஸலாம் சொல்லு.

துஆவுடன்,
மாமா